இடது கண்ணுக்குச் சரியான மலை

தொண்டாமுத்தூர்,
12.8.1996

அன்புள்ள சாஜிதா,

ஆபரேஷனில் என் கண் போய்விட்டதாகவும், அதனால்தான் படம் வரைவதை நிறுத்திவிட்டேன் என்றும் உங்கள் காரமடை வரை பேச்சு வந்திருக்கிறதாமே. தவறு. வலது கண்ணில் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். பார்வை மிக நன்றாக இருக்கிறது. நான் வரையாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

கட்டு அவிழ்த்த மறுநாள், வழக்கம்போல் காபிக்கு முன்னால் மாடி வராந்தாவில் வாட்டர் கலர் பெட்டியோடு உட்கார்ந்தேன். பழைய படங்களை எடுத்துப் பிரித்தேன். வெள்ளியங்கிரி மலையைச் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தது போல் இருக்கிறது. தென்னை நீலம். நம் வெள்ளைப் பசுவும் நீலம். யாரோ என் படங்களை நாசம் செய்துவிட்டார்கள் என்று சமையல்கார மாரியாத்தாளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

“ஆரும் தொடலீங்கம்மா. மொதல்ல இருந்தே இப்படித்தானுங்களே இருக்குது?”

“பிறகு ஏன் சொல்லவில்லை?”

“நீங்க கேக்கலீங்களே. அம்மா போட்டாச் சரியாத்தான் இருக்கும்னு உட்டுப்போட்டமுங்க.”

வலது கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஆபரேஷன் ஆகாத இடது கண்ணால் பார்த்தேன். மலை சரியாக இருந்தது. இடதை மூடினால் சொட்டு நீலம். மாற்றி மாற்றி மூடிப் பார்த்ததில் காபி ஆறிப்போயிற்று.

என் மகன் பாலகோபால் இந்த வருஷ மில் காலண்டரில் இந்தப் படங்களில் ஒன்றைத்தான் அச்சடித்தான். கருமத்தம்பட்டியில் தறி ஓடும் ஷெட்டுகளில் எல்லாம் என் நீலப் பசு தொங்குகிறது.

ஊரை விடு. உனக்கு வாராவாரம் ஒரு படம் அனுப்பினேன். குறையை மட்டும் எழுதுவது என்பது கான்வென்ட் நாளிலிருந்து நமக்குள் ஒப்பந்தம். நீயோ ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதினாய். உன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லையே?

‘அன்புடன்’ என்று இன்று எழுத வரவில்லை.

வெங்கடலட்சுமி


காரமடை,
17.8.1996

என் லட்சுமிக்கு,

‘அன்புடன்’ இல்லாத கடிதம் கிடைத்தது. பரவாயில்லை, உன் பங்கையும் நானே போட்டுக்கொள்கிறேன்.

ஒரு தடவை சொன்னேனடி, “நீலம் சற்றுத் தூக்கல்” என்று. “தினமும் இந்த மலையைப் பார்ப்பது நானா, நீயா?” என்று பதில் எழுதினாய். அந்த ரம்ஜானுக்கு உன்னிடமிருந்து வாழ்த்துக்கூட வரவில்லை.

அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்காதே. கோபாலசாமி அண்ணன் காலமான பிறகுதான் உன் படங்களில் நீலம் ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போயிற்று. கட்டின புருஷன் சாவுக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு மோர் போயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். இவள் காகிதத்தில்தான் அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அழுகிறவளிடம் போய்க் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு உறையையும் பிரிக்கும்போது, இந்த வாரமாவது நீலம் குறைந்திருக்கட்டும் என்று துவா செய்துதான் பிரிப்பேன்.

ஒன்றைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கடலா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்போது புரை என்கிறாய். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் யாருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்?

இடது கண்ணையும் செய்துகொள். வரைவதை விடாதே.

அன்புடன், அன்புடன்,
சாஜிதா பேகம்


தொண்டாமுத்தூர்,
26.8.1996

அன்புள்ள சாஜிதா,

படங்களைப் பார்த்தபோது வந்ததைவிட, உன் கடிதத்தில் வந்த அதிர்ச்சி பெரிது. நான் மலையைத் தப்பாகப் போட்டேன். நீ என்னையே தப்பாகப் பார்த்திருக்கிறாய். நான் அழவில்லை. அது கண்புரை.

இப்படித்தான் உனக்கு எழுதி முடிப்பதாக இருந்தேன். இதற்கிடையில் டாக்டரிடம் போனேன். புரை முற்றினால் நீலம் மங்கிவிடும் என்றார். “மலை உங்களுக்கு டிக்காஷன் நிறத்தில் தெரிந்திருக்குமே?” என்று கேட்டார்.

தெரிந்தது, சாஜிதா. அப்படித்தான் தெரிந்தது. ஆனால் காபி வரும்வரை என் வீட்டுக்காரரும் நானும் அந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்போம். “மல இன்னைக்குக் கிட்ட வந்திருக்குது பாரு அம்மணி” என்பார். அவர் போன பிறகு அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் தினமும் வரைய உட்கார்ந்தேன். அவரோடு பார்த்த நீலம் காகிதத்தில் வரும்வரை ஊற்றியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் போடு என்று டிராயிங் சிஸ்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? நான் ஒரு நாள்கூட அப்படிப் போடவில்லை.

ஆகவே நீ நினைத்தது முழுத் தவறு இல்லை. முக்கால் தவறு.

வெள்ளிக்கிழமை இடது கண் ஆபரேஷன். நேற்று வலது கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் படங்களையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. வெள்ளிக்குப் பிறகு அவற்றைச் சரியாகப் பார்க்க ஒரு கண்ணும் இருக்காது. தள்ளிப்போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தள்ளிப்போடவில்லை.

இன்று காலை வலது கண்ணால் போட்ட படம் இத்துடன் இருக்கிறது. மலை நீலம்தான். நான் ஊற்றிக்கொண்டிருந்ததில் கால் பங்குகூடத் தேவைப்படவில்லை. பசுவுக்கு வண்ணமே வைக்காமல் காகிதத்தை அப்படியே வெள்ளையாக விட்டிருக்கிறேன். கையில் தைரியம் இல்லை. கோடுகளைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

குறை எங்கே என்று எழுது. ‘நன்று’ வேண்டாம். ஃபோன் செய்யாதே, பேச ஆரம்பித்தால் நீ இளகிவிடுவாய். தபாலில் பதில் எழுது.

அன்புடன்,
வெங்கடலட்சுமி