குலுக்கக் கூடாத குழாய்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் வீடும் நலம். அம்மா நலமா என்பதை வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் சொன்னதை மட்டும் நம்பாதே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருக்கும்போது மனுஷன் வேறென்ன சொல்வான், அதனால்தான் இந்தக் கடிதம்.

மூன்று மாதமாக அம்மாவின் நுரையீரல் கட்டிக்கு ஊசி போகிறதல்லவா, சென்ற வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. ஊசி வேலை செய்து நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் புகுந்ததால் வீங்கியிருக்கலாம், நிஜமாகவே வளர்ந்தும் இருக்கலாம், படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. எது என்று பார்க்க ரத்தத்தில் ஒரு புதுப் பரிசோதனை. நம் உடம்பின் அணுக்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளில் சேதி வைத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றனவாம். நல்ல அணுக்கள் அதைக்கொண்டு ஒன்றையொன்று உஷார்ப்படுத்திக்கொள்கின்றன. புற்று அணு விடும் பையிலோ, இங்கே ஒன்றுமில்லை, வந்த வழியே போகலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கும். எதிர்ப்பு அணுக்களும் அதை மதித்துத் திரும்பிவிடும். நான் பார்த்த அலுவலகங்களில் பாதி இப்படித்தான் நடந்தன. அந்த அறிவிப்பை மறைக்கத்தான் ஊசி. பைகள் அளவுக்கு மீறிப் பெருகினால், மருந்து கட்டிக்குப் போய்ச் சேருமுன் பைகளிலேயே ஒட்டித் தீர்ந்துவிடும். அதனால் பைகளை எண்ணிப் பார்க்கிறார்கள்.

ரத்தம் எடுத்த நர்ஸ், ஆய்வகம் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது, கொண்டுபோகிற ஆள் சாப்பிடப் போயிருக்கிறார், சார் கம்பவுண்டராக இருந்தவர்தானே என்று நம்பிக் குழாயை என்னிடம் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருஷம் இருமல் மருந்துப் பாட்டில்களில், நன்றாகக் குலுக்கி உபயோகிக்கவும் என்று சீட்டு ஒட்டியவன் கையில் ஒரு குழாயைக் கொடுத்தால் என்ன ஆகும்? படியிறங்கிக்கொண்டே குலுக்கினேன். ஏனோதானோவென்று இல்லை, தொழில் சுத்தமாக. ஆய்வக ஜன்னலில் நீட்டும்போதுதான், அசைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். குலுக்கினால் ரத்தத் தட்டணுக்கள் மிரண்டு அவையும் பைகளை அள்ளி விட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடும் என்பது பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. அப்போது வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. பைகள் மிக அதிகம். இந்த ஊசியை நிறுத்திவிட்டுப் பழைய மருந்துக்கே போய்விடலாம் என்றார் டாக்டரம்மா. போன வருஷம் அம்மாவைப் படுக்கையோடு படுக்கையாகப் போட்டதே, அதே மருந்து. அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தாள். டாக்டரம்மாவின் பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில், குழாயைக் குலுக்கியதைச் சொல்லிவிட்டேன். எத்தனை தடவை குலுக்கினீர்கள் என்று கேட்டார். ஒரு டஜன் இருக்கும் என்றேன். ஊருக்கெல்லாம் குலுக்கிக் குடுத்து இப்போ என் ரத்தத்தையுமா, என்றாள் அம்மா. அதோடு விட்டிருந்தால் தேவலை. நாலு நாளா உங்களுக்குச் சாப்பாடு இறங்கலையே, எனக்காகத்தான்னு நினைச்சு மனசுக்குள்ள சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேனே, என்றும் சொன்னாள். அதற்கு என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

நேற்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குழாயை ஆய்வக ஆளே வந்து நிமிர்த்தி எடுத்துப் போனார். அதுவரை நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. வெள்ளிக்கிழமை வரை எந்த மருந்தையும் எழுதப்போவதில்லை என்றார் டாக்டரம்மா. இந்த முறையும் பைகள் அதிகமாகவே வந்தால் என்று கேட்டேன். அப்படி வந்தால் தப்பு உங்களுடையது இல்லை சார், என்றார், நல்ல மனசோடு. எந்தத் தப்பும் என்னுடையது இல்லை என்று வாதாடியே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் நான், நீயே சாட்சி. இந்த ஒரு தப்பு மட்டும் முழுக்க முழுக்க என்னுடையதாகவே இருக்கட்டும் என்று உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க எங்கள் ஆசிகள். அம்மாவிடம் பேசும்போது அழாதே. அழுகிறவர்களைத் தேற்றுகிற வேலை அவளுக்கு இப்போதே நிறைய இருக்கிறது.

என்றும் உன் நினைவாக,
அப்பா