ஹெட்லைட் போட்டுக்கொண்ட சட்டை

மெக்கானிக் மகாராஜாவுக்கு,

குறட்டை முடிந்ததும் எழுந்து சாப்பிடுங்கள். அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன்.

நீங்கள் பார்சல் கட்டிய லட்சணத்தைப் பார்த்தேன். தூக்கியதுமே உள்ளே கடகடவென்று சத்தம். தாத்தா காலத்துக் காரின் ஹெட்லைட் கண்ணாடி, அதன் தலைமேலேயே இரும்பு வளையம், நடுவில் ஒற்றைச் செய்தித்தாள்! வாங்கினவருக்குத் தூள்தான் போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டால், "உனக்கென்ன தெரியும்?" என்பீர்கள்.

வளையத்துக்குத் தனிப் பெட்டி போட்டேன். கண்ணாடியைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, சந்தெல்லாம் காகிதம் திணித்து டேப் ஒட்டிவிட்டேன். இப்போது குலுக்கிப் பாருங்கள், மூச்சு விடாது.

என்ன துணியா? உங்கள் பிறந்தநாளுக்கு நான் வாங்கிவந்த கிளிப்பச்சைச் சட்டை. "இந்தக் கலரை எவன் போடுவான்?" என்று கவரைக்கூடப் பிரிக்காமல் மூலையில் எறிந்தீர்களே, அதேதான். ஹெட்லைட்டுக்கு எடுப்பாக இருக்கிறது.

கூரியர்காரர் நாலு மணிக்கு வருவார்.

பி.கு.: சட்டை வேண்டுமென்றால் அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரிக்கோல், டேப், மாற்றிச் சுற்ற ஒரு பழைய துண்டு, எல்லாம் பெட்டி மேலேயே இருக்கின்றன.

நான் சாவி எடுத்துப் போகவில்லை. சாயங்காலம் கதவைத் தட்டுவேன். எதைப் போட்டுக்கொண்டு வந்து திறக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.