மாடு மறுபடியும் உட்கார்ந்தது

என் உயிர்ச் சிநேகிதன் ஐயாக்கண்ணுவுக்கு,

"ஒரு புத்தகம் பிள்ளைங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு எந்தப் பக்கத்தைப் பாத்து முடிவு பண்ணுவே, வாத்தியாரே?" என்று ஒருநாள் என்னைக் கேட்டாய். கிள்ளானுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் தோட்டப் பள்ளியில் நாம் இருவரும் வாத்தியார்களாகச் சேர்ந்த வருடம் அது. முதல் பக்கத்தை என்றேன். "முதல் பக்கத்துல எல்லாரும் சாமி கும்புட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்று சிரித்தாய்.

இந்த ஊரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதம்தான் நமக்கு விடுமுறை. ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோர் தாழ்வாரத்தில் சாக்கை விரித்து நீ உரக்க வாசிப்பாய். பிள்ளைகள் காய்ந்த சருகை மிதித்துக்கொண்டு ஓடி வரும். பெற்றவர்களும் பின்னால் வந்து நிற்பார்கள்.

அந்த மாட்டுக் கதைப் புத்தகத்தை நீ பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாங்கியது நினைவிருக்கிறதா? கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்து உன் மகள் வள்ளிக்கு வாசித்து, பாதியில் நிறுத்தினாய். "அப்புறம்?" என்றாள் குழந்தை. அதற்குப் பிறகு நீ யோசிக்கவே இல்லை.

சின்னக் கதை. வண்டிக்காரன் நாளுக்கு நாள் பாரத்தைக் கூட்டுகிறான். ஒருநாள் மாடு நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறது. அடிக்கிறான், கெஞ்சுகிறான், புல்லைக் காட்டுகிறான். எழவில்லை. கடைசியில் பாதி மூட்டையை அவனே இறக்குகிறான். மாடு எழுகிறது.

நீ அதை வாசித்த மறுநாள் காலை, ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி ஒரு கட்டளை போட்டார். ரப்பர் பால் குறைந்துவிட்டதாம், ஆளுக்கு இன்னும் ஒரு நிரை மரம் கூடுதலாகப் பால் வெட்டவேண்டுமாம். முந்தின நாள் உன் கதையைக் கேட்டு நின்ற பால்வெட்டுக்காரர் சின்னசாமி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எவன்டா ஒனக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?"

"மாடுதாங்க."

பெரட்டு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் கிராணியால் பொறுக்க முடியவில்லை.

பள்ளிக்கு வரும் எந்தப் புத்தகத்தையும் அவரிடம் காட்ட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அவர் முதல் பக்கத்தை மட்டும் பார்ப்பார். கடவுள் வாழ்த்து இருந்தால் கையெழுத்து. இந்தப் புத்தகத்திலும் அவர் கையெழுத்து இருந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் நாம் இருந்த அறைக்குள் வந்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மீதியை ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்து அடுப்பில் எறிந்தார். நம் இருவரையும் தோட்டத்து மேலாளரான துரை முன் நிறுத்தி, தமக்குத் தெரியாமல் நீ கொண்டுவந்த புத்தகம் என்று சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. நான் கையெழுத்துப் போட்டேனா?"

"தெரியாதுங்க" என்றேன்.

எனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். சாயங்காலத்துக்குள் பெட்டியோடும் மனைவி மகளோடும் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுப் போனாய். கெட்ட புத்தகம் வாசித்த வாத்தியார் என்ற பெயர் உனக்கு முன்னால் போய்விட்டது, ஒரு பள்ளியும் உன்னைச் சேர்க்கவில்லை. செந்தூலில் மூட்டை தூக்கினாய். இரண்டாம் வருடம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. வள்ளி இப்போது என் மருமகள். நீ போன பிறகு நாம் சம்பந்திகள் ஆனோம். பெண் கேட்கப் போனபோதே உன் மனைவியிடமும் அவளிடமும் என் பொய்யைச் சொன்னேன். வள்ளி ஒரு மாதம் கழித்துத்தான் சம்மதம் சொன்னாள்.

நான் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன். கிராணியும் ஓய்வுபெற்று இங்கேதான் இருக்கிறார். இங்கே வாசகசாலைக்கு அவர்தான் தலைவர். விடுமுறையில் பிள்ளைகளுக்கு எதை வாசிக்கலாம் என்று முடிவு செய்பவரும் அவரே. இந்த வருடம் வாசிக்க என்னை அழைத்தார்கள். வள்ளியும் நானும் உட்கார்ந்து அந்தக் கதையை ஒரு நோட்டில் எழுதினோம். நான் மறந்த வரிகள் அவளிடம் இருந்தன.

"முதல் பக்கத்துல ஒரு சாமி பாட்டு எழுதுங்க மாமா. அது போதும்" என்றாள்.

போதுமாகத்தான் இருந்தது. "நல்லது, நல்லது" என்று கையெழுத்துப் போட்டார்.

வாசிப்பு நாளில் அவர் முன்வரிசையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் நிதானமாக வாசித்தேன். மாடு உட்கார்ந்த இடத்தில் அவர் முகம் மாறியது. "போதும், நேரமாச்சு. எல்லாரும் எந்திரிங்க" என்றார். ஒரு பிள்ளையும் எழவில்லை. அவருடைய சொந்தப் பேத்தி சொன்னாள்: "மாடே இன்னும் எந்திரிக்கல தாத்தா."

கூடம் முழுக்கச் சிரித்தது. அதே சிரிப்பு, ஐயாக்கண்ணு.

கதையை முடித்தேன். வள்ளி நோட்டை வாங்கி முதல் பக்கத்தை அவர் முன்னால் பிரித்தாள். "கையெழுத்து ஒங்களோடதுதானே, ஐயா?"

"என்னோடதுதான்" என்றார்.

நான் எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். இதை முதலில் வாசித்தவர் ஐயாக்கண்ணு வாத்தியார். அந்தப் புத்தகத்திலும் இவர் கையெழுத்து இருந்தது. தெரியாது என்று பொய் சொன்னவன் நான்.

மறுநாள் உடம்புக்கு முடியவில்லை என்று தலைவர் பதவியை விட்டுவிட்டார். வயசானவர், பாவம் என்கிறார்கள். எனக்குப் பாவமாக இல்லை. நன்றாகத் தூங்கினேன். நீ இருந்தால் "விட்டுத் தள்ளு வாத்தியாரே" என்றிருப்பாயோ? நீ இல்லை. அதற்காகத்தான் விடவில்லை.

தொண்டையில் குரல் இருக்கும்வரை, ஒவ்வொரு இலையுதிர் மாதமும், கிள்ளானிலும் செந்தூலிலும் டெங்கில் பக்கத்துத் தோட்டங்களிலும் அந்த மாட்டை உட்காரவைப்பேன். உன் பெயரைச் சொல்வேன், அவர் பெயரைச் சொல்வேன், என் பொய்யையும் சொல்வேன். அவர் அங்கே இருந்தால் இன்னும் உரக்க வாசிப்பேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: இன்று ஒரு பிள்ளையை அருகே உட்காரவைத்து, ஒரு புத்தகத்தின் நடுப்பக்கத்தை உரக்க வாசித்துப் பாதியில் நிறுத்துங்கள்; "அப்புறம்?" என்று கேட்டால் அந்தப் புத்தகத்தையே வாசியுங்கள்.

உன் வள்ளிக்கு மாமனாரான,
உன் சம்பந்தி மாணிக்கம்