சில்லுக்கு வைத்த கல்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கால்வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம்.

இங்கே கத்தாரில் ஒரு விபத்து, எனக்கு ஒன்றுமில்லை. கற்பிட்டியில் உப்புக்காற்றுக்கு ஹேண்ட்பிரேக் இறுகிவிடும் என்று, அதை இழுக்காமல் சில்லுக்கு அடியில் கல் வைப்போமே, அதே பழக்கத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நம்மூர் நெய்னார் நானாவும் பிக்கப்பைச் சரிவில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

“ஹேண்ட்பிரேக் லைட் பத்தல்லயே நானா” என்றேன்.

“சிவப்பு லைட் பத்தினாத்தான்டா பயம்” என்று சிரித்துவிட்டுச் சாமான் இறக்கப் பின்னால் போனார். கல் நழுவி, வண்டி உருண்டு அவரைப் பின்னாலிருந்த சுவரோடு நெரித்துவிட்டது. ஜனாஸாவை இங்கேயே அடக்கினோம்.

தம்பியிடம் சொல்லுங்கள், இறுகினாலும் பரவாயில்லை, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, அந்தச் சிவப்பு லைட் எரிவதைப் பார்த்துவிட்டே இறங்கட்டும்.

அந்தப் பிக்கப் இப்போது என்னிடம். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். கருவாடு அனுப்பினால், இனி ஒருவருக்குக் காணுமளவு போதும்.

மகன் முஆஸ்