பதினோரு மாதப் பங்கு

அன்புள்ள டெஸ்ஸா,

ஆல்பி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறானா?

ஹோபார்ட்டில் நாம் கம்பெனி தொடங்கியபோது, ஓராண்டு முடியுமுன் விலகுபவருக்குப் பங்கு கிடையாது என்று எழுதிக்கொண்டோம். மகன் ஆல்பியின் அறுவை சிகிச்சைக்காக நீ பதினோராம் மாதம் போய்விட்டாய்.

நேற்றைய கூட்டத்தில் உனக்குப் பங்கு கேட்டேன். "பாதியில போனவங்களுக்கு எதுக்கும்மா? கம்பெனி குடுக்காது" என்றார் முதலீட்டாளர் கிரேம்.

"அந்த விதியைப் போட்டதே நான்தான், கிரேம். அவ பையனுக்கு ஆபரேஷன் வரும்னு அப்பவே எனக்குத் தெரியும்" என்றேன். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாதது.

என் பங்கில் பாதியை உன் பெயருக்கு எழுதிவிட்டேன். தாள்கள் இத்துடன் இருக்கின்றன, கையெழுத்து மட்டும் போடு. என்னோடு மறுபடி பேச வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை.

இப்படிக்கு,
உன் பழைய பங்காளி