இழுத்தால் அறுகிற நூல்

விழுப்புரம்

என்னங்க,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, அன்றைய கணக்கையும் எழுதி முடித்துவிட்டு, கம்மல் கோக்க மணித்தட்டு, நோஸ் பிளையர், தூண்டில் நரம்பு எல்லாம் எடுத்து உட்கார்ந்தேன். திண்டிவனத்திலிருந்து நம் கலைப்பிரியா தனியாக வந்து நின்றாள். தலைதீபாவளிக்கு நான் கோத்துக் கொடுத்த பவழமணி மாலையைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

“இத வேற நூல்ல கோத்துக் குடும்மா.”

“ஏன்டி, மீன் புடிக்கிற நரம்பு இது. யானை கட்டி இழுத்தாலும் அறாது.”

“அதான் வேணாங்கறேன். பூ கட்டுற நூல் போதும். அவரு புடிச்சி இழுத்தா ஜல்தி அறுந்துடணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கழுத்தைச் சுற்றி நரம்பின் தடம் கறுத்துக் கிடந்தது.

மாலையை நான் கோக்கவில்லை. அவளை அனுப்பவும் போவதில்லை. மாப்பிள்ளை உங்களுக்குப் போன் செய்து, அனுப்பி வைக்கச் சொல்லுவார். வழக்கம்போல் “சரிங்க மாப்ள” என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா