மூன்றாம் பட்டை யார் கையில் இருந்தது?

என் தோஸ்த் சாமுவேலுக்கு,

இதை நானே எழுதுகிறேன். ஆமாம், நானேதான்! நீ மண்ணுக்குள் போன பிறகு மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

காட்பாடியில் ஆராய்ச்சி செய்கிற பெண் தோல் பதனிடும் நம் ஷாப்புக்கு வந்தாளே, நினைவிருக்கிறதா? ஈரத்தோலை நாலு பேர் சேர்ந்து தூக்கும்போது யார் வழிநடத்துகிறார் என்று அறிய, நம் மணிக்கட்டுகளில் கை அசைவை அளக்கும் பட்டை கட்டினாள். மூன்றாம் பட்டை உன் கைக்கு எட்டவில்லை. நான்தான் தோல் வார் ஒன்றை ஒட்டுப் போட்டுக் கட்டினேன். யாருக்கு எந்தப் பட்டை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

திங்கட்கிழமை முடிவோடு வந்தாள். தாளில் நாலு கோடுகள், கைக்கு ஒன்று. ஒரு கோட்டை இம்மி இம்மியாக நகர்த்தி இன்னொன்றோடு பொருத்தினால், யார் கை முந்தியது என்று தெரியுமாம். மூன்றாம் பட்டைதான் எப்போதும் முந்தியது. தற்செயலோ என்று, ஒரு நாள் பதிந்த கோட்டோடு வேறொரு நாள் கோட்டை மாற்றி மாற்றி ஜோடி சேர்த்துப் பார்த்தாளாம். அப்போது அந்தப் பொருத்தம் வரவில்லை.

"மூணாம் நம்பர் நீங்கதானே மேஸ்திரி? நீங்கதானே கொரல் குடுப்பீங்க? சனிக்கிழமை காலேஜ்ல எல்லாருக்கும் காட்றேன். நீங்க மேடைக்கு வரணும்."

"ஆமாம்மா" என்றேன்.

'மூன்று' என்ற சொல்லை நானே படித்துவிட்ட சந்தோஷத்தில் வாய் முந்திவிட்டது என்றால் நம்புவாயா?

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுகிறேன், வாசல் வரை போகிறேன், திரும்புகிறேன். நான் "தூக்கு" என்று கத்துவதற்கு முன்பே உன் தோள் எழும்பும். அதைப் பார்த்துத்தானே கத்தினேன்? அந்தக் காலத்தில் முதலாளி, யாரை மேஸ்திரி ஆக்கலாம் என்று கேட்டபோது, "சாமு என் கொரலுக்குத்தான் கையத் தூக்குவான் சார்" என்றேன். பக்கத்திலேயே நின்ற நீ சிரித்தாய். "வுடு தோஸ்த், உனுக்கு தொண்ட ஜாஸ்தி, எனுக்கு கம்மி."

நேற்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "தப்புன்னா எழுதிக் குடுங்க மேஸ்திரி, மாத்திடலாம்" என்றாள்.

எழுதிவிட்டேன். 'மூன்றாம் பட்டை சாமுவேலுடையது. தவறாகச் சொன்னேன்.' பிறகு 'தவறாக' என்பதை அடித்துவிட்டு, 'பொய்' என்று எழுதினேன். நாளைக் காலை உன் மனைவி மேரிக்கு அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான், அந்தப் பெண்ணிடம் கொடுக்க ரயில் ஏறுவேன். தங்கச்சி திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மேரிதான் மேடை ஏறுவாள். நான் கீழே இருப்பேன். ஆனால் முதலில் கை தட்டுவது நானாகத்தான் இருக்கும், சாமு. வேண்டுமானால் அதையும் அந்தப் பெண் அளந்து பார்க்கட்டும்.

உன் கையைப் பார்த்துக் குரல் கொடுத்த தோஸ்த்,
மேரிக்கு அண்ணன்,
ஏழுமலை